கோர்டோபா பெரிய பள்ளிவாசல் கதீட்ரலா மாறின கதை: எதை இடிச்சாங்க, எது தப்பிச்சுது

ஸ்பெயின்ல கோர்டோபா ஊர்ல சிவப்பும் வெள்ளையுமா பட்டை போட்ட வளைவுகளோட ஒரு கட்டடம் இருக்கே, அது மசூதியா சர்ச்சா, மசூதியை இடிச்சுட்டு சர்ச் கட்டினாங்களா இல்ல இருந்ததையே மாத்திக்கிட்டாங்களா, இப்ப உள்ள என்னதான் நடக்குது, இதான் கேள்வி. சுருக்கமா சொல்லிடறேன். 1236ல இருந்து அது கத்தோலிக்க கோயில், இன்னிக்கும் தினசரி பூசை நடக்குது. ஆனா நீங்க உள்ள போனா பாக்கறதுல பெரும்பகுதி 8ம் நூற்றாண்டு கடைசியில இருந்து 10ம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் கட்டின பள்ளிவாசல்தான், நடுவுல ஒரு துண்டை உடைச்சு எடுத்துட்டு 16ம் நூற்றாண்டுல அங்க ஒரு முழு கதீட்ரலையே எழுப்பியிருக்காங்க.

இதைப் பத்தி பேசும்போது எல்லாரும் ஒரு வரியை சொல்லிட்டு போயிடுவாங்க, "நடுவுல கதீட்ரல் கட்டினதாலதான் மசூதி தப்பிச்சது"ன்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றதுக்கு கட்டடத்தை ஆரம்பத்துல இருந்து பாக்கணும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

750ல டமாஸ்கஸ்ல இருந்து இஸ்லாமியப் பேரரசை ஆண்ட உமையா வம்சத்தோட ஆட்சி கவிழ்ந்து அப்பாஸியர்கள் வந்தாங்க, உமையா குடும்பத்தை தேடித்தேடி கொன்னாங்க. அதுல தப்பிச்ச ஒரு இளவரசர் வட ஆப்பிரிக்கா வழியா ஓடி வந்து ஸ்பெயின்ல கால் வச்சு 756ல கோர்டோபாவுல அமீரா, அதாவது ஆட்சித் தலைவரா உக்காந்தார், அவர்தான் முதலாம் அப்துர் ரஹ்மான். முப்பது வருஷம் போல ஆட்சி பண்ணிட்டு கடைசி காலத்துல, 785-786 வாக்குல, இந்த பள்ளிவாசலை ஆரம்பிச்சார், 788ல இறந்துட்டார். மகன் ஹிஷாம் மீதியை முடிச்சு, பாங்கு சொல்ற கோபுரமா ஒரு மினாராவும் கட்டினார், அந்த மினாரா இருந்த இடத்தை இன்னிக்கும் முற்றத்து தரையில கல்லால கோடு போட்டு காட்டியிருக்காங்க.

அதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்துச்சுங்கறதுதான் இப்ப அரசியல் சண்டையா ஆயிருக்கு. அரபு வரலாற்று நூல்கள்ல வர்ற கதை என்னன்னா அங்க சான் விசென்டேங்கற ஒரு கிறிஸ்தவ கோயில் இருந்துச்சு, மொதல்ல ரெண்டு மதத்துக்காரங்களும் பாதிப்பாதியா பகிர்ந்துக்கிட்டாங்க, அப்புறம் அமீர் மறுபாதியை காசு குடுத்து வாங்கிட்டார்னு. ஆனா இதே மாதிரி ஒரு கதை டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலுக்கும் உண்டு, அதனால பின்னாடி வந்தவங்க அந்தக் கதையை இங்க கொண்டுவந்து ஒட்டிட்டாங்களோன்னு சந்தேகப்படற ஆராய்ச்சியாளர்கள் நிறைய பேர் இருக்காங்க. 1930கள்ல ஃபெலிக்ஸ் எர்னாண்டஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் தரைக்கு கீழ தோண்டினப்போ பழைய கட்டட அடித்தளங்களும் மொசைக் தரையும் கிடைச்சது, அதுல கொஞ்சத்தை கண்ணாடி வழியா பாக்கலாம். பிஷப் நிர்வாகம் அதை "இங்க மொதல்ல எங்க கோயில்தான் இருந்துச்சு"ங்கறதுக்கு ஆதாரமா காட்டுது, தொல்லியல்காரங்கள்ல பலர் அந்த சுவர்களை வச்சு அங்க ஒரு பெரிய கோயில் இருந்துச்சுன்னு முடிவு கட்ட முடியாதுன்னு சொல்றாங்க. பழைய கிறிஸ்தவ கட்டடம் ஏதோ ஒண்ணு இருந்துச்சுன்னு தாராளமா சொல்லலாம், அதுக்கு மேல யாராச்சும் அடிச்சு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

சரி, கட்டடத்துக்கு வருவோம், ருசியே இங்கதான் இருக்கு.

முதலாம் அப்துர் ரஹ்மானுக்கு ஒரு நடைமுறை சிக்கல். ஊர் பூரா இடிஞ்ச ரோமானிய கட்டடங்கள், அவங்களுக்கு அப்புறம் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகளோட கட்டடங்கள், அதுல இருந்து கல்தூண் எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம், புதுசா செதுக்க வேண்டிய செலவு இல்லை. ஆனா அந்த தூண் எல்லாம் குட்டை, அதுவும் ஒண்ணு போல ஒண்ணு இல்லை. அவ்வளவு பெரிய தொழுகை மண்டபத்துக்கு அந்த உயரத்துலயே கூரை போட்டா காத்தும் வராது வெளிச்சமும் வராது, தலைக்கு மேல அமுக்கற மாதிரி இருக்கும். அதுக்கு அந்த கட்டுமானக்காரங்க கண்டுபிடிச்ச வழிதான் ரெண்டு அடுக்கு வளைவு. தூண் தலைக்கு மேல ஒரு கனமான கல் வச்சு, அதுக்கு மேல தூணை விட அகலமான ஒரு சதுரக் கால் எழுப்பி, அந்த கால்கள் மேல அரைவட்ட வளைவு போட்டு கூரையை அதுல உக்கார வச்சாங்க. இவ்வளவு உயரத்துக்கு போன கால் பக்கவாட்டுல சாயாம இருக்கணுமே, அதுக்காக தூண் தலை மட்டத்துல குதிரை லாட வடிவத்துல இன்னொரு வளைவு. கீழ இருக்கற இந்த வளைவு எந்த சுவரையும் தாங்கலை, ரெண்டு பக்கமும் புடிச்சு நிறுத்தறது மட்டும்தான் அதோட வேலை. அதனாலதான் ரெண்டு வளைவுக்கும் நடுவுல சுவர் இல்லாம வெறும் வெளியா இருக்கு, காத்தும் வெளிச்சமும் அது வழியா போகுது.

மேல் சுவர் கீழ இருக்கறதை விட தடிமனா இருக்கறதுக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் மேல தனித்தனியா சரிவுக் கூரை, ரெண்டு கூரைக்கும் நடுவுல மழைத்தண்ணி ஓடற வாய்க்கால் அந்த சுவர் தலையிலயே ஓடுது. தண்ணி அது வழியா வந்து முற்றத்துப் பக்கம் கொட்டும். கீழ மெல்லிசா ஆரம்பிச்சு மேல போகப் போக தடிக்கற கட்டடம், சாதாரணமா எல்லாரும் கட்டறதுக்கு நேர் எதிர்.

சிவப்பு வெள்ளை பட்டை செங்கல்லும் வெளிர் கல்லும் மாத்தி மாத்தி வச்சதால வந்தது. ஒண்ணுக்கு மேல ஒண்ணு வளைவு, கல்லும் செங்கல்லும் கலந்த வேலை ரெண்டையுமே மெரிடா ஊர்ல இருக்கற ரோமானிய நீர்ப்பாலத்துல பாக்கலாம். லோஸ் மிலாக்ரோஸ்னு பேரு, இன்னும் நிக்குது. அங்க இருந்துதான் யோசனை வந்திருக்கும்னு பல பேர் சொல்றாங்க, எனக்கும் அது சரியாத்தான் படுது.

கிப்லா, அதாவது தொழும்போது மக்காவை நோக்கி திரும்பற திசை, அந்த விஷயத்தையும் சொல்லணும். கோர்டோபாவுல இருந்து மக்கா கிட்டத்தட்ட கிழக்குப் பக்கம், கொஞ்சம் தெற்கு சாஞ்சு. ஆனா இந்த பள்ளிவாசல் தெற்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவாக்குல பாக்குது. டமாஸ்கஸ்ல கிப்லா தெற்குங்கறதால அதே பழக்கத்துல வச்சாங்கன்னு ஒரு விளக்கம், பழைய ரோமானிய தெரு போன வாக்குல கட்டினாங்கன்னு இன்னொரு விளக்கம். பின்னாடி விரிவாக்கினவங்களும் யாரும் அதை திருப்பலை.

முதல் கட்டடம் முற்றத்துல இருந்து கிப்லா சுவர் நோக்கி போற 11 வரிசை, ஒவ்வொண்ணுலயும் 12 கட்டம் (ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவுல இருக்கற இடம் ஒரு கட்டம்). ஊர் பெருக்கப் பெருக்க இடம் பத்தலை. ரெண்டாம் அப்துர் ரஹ்மான் 830, 840கள்ல கிப்லா சுவரை உடைச்சு தெற்கு பக்கம் 8 கட்டம் நீட்டினார். மூணாம் அப்துர் ரஹ்மான், தன்னை கலீஃபான்னு அறிவிச்சவர், முற்றத்தை பெருசாக்கி 951-952ல சுமார் 47 மீட்டர் உயரத்துக்கு புது மினாரா கட்டினார். அவர் மகன் ரெண்டாம் ஹகம் 961ல பதவிக்கு வந்த கையோட இன்னும் 12 கட்டம் தெற்கால நீட்ட உத்தரவு போட்டார். கட்டடத்தோட உச்சம்னா அதுதான்.

ஹகம் பகுதிக்கு வந்தா பழைய தூண் பொறுக்கற வேலையே கிடையாது. எல்லாமே புதுசா செதுக்கின தூண், ஒரு செந்நிறம், ஒரு கருநீலம்னு மாத்தி மாத்தி நிறுத்தியிருக்காங்க. கிப்லா சுவர்ல தொழுகை திசையை காட்டற மிஹ்ராபுக்கு முன்னாடி மூணு குவிமாடம், ஹகம் பகுதிக்குள்ள நுழையற இடத்துல ஒண்ணு. மிஹ்ராபுக்கு நேர் முன்னாடி இருக்கற குவிமாடத்தை கீழ நின்னு அண்ணாந்து பாருங்க: எட்டு கல் வளைவுகள் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு போகுது, ஆனா எதுவும் நடு மையம் வழியா போகாது, கூடை முடையற மாதிரி குறுக்கும் நெடுக்குமா போய் நடுவுல ஒரு எண்கோணத்தை காலியா விட்டுட்டு அதுக்கு மேல சின்ன குவிமாடத்தை தாங்குது. இந்த கனத்தை சாதாரண ரெண்டு அடுக்கு வளைவு தாங்காதுங்கறதால அந்த இடத்துல மட்டும் வளைவுகளை இதழ் இதழா வெட்டி ஒண்ணோட ஒண்ணு பின்னிப் போட்டிருக்காங்க. பாக்கறவங்க அலங்காரம்னு நினைச்சுட்டு போயிடுவாங்க, பாரம் தாங்கற வேலையும் அதுகிட்டதான் இருக்கு.

மிஹ்ராப் பொதுவா சுவர்ல ஒரு சின்ன மாடமா இருக்கும், இங்க அது ஒரு சின்ன அறை, உள்ள கூரை சிப்பி வடிவமா செதுக்கினது. வாசலை சுத்தி தங்க மொசைக், குர்ஆன் வசனங்கள், கட்டினவர் பேரு. அந்த மொசைக் வேலைக்கு பைசாண்டிய பேரரசர் கான்ஸ்டான்டிநோபிள்ல இருந்து ஒரு கைதேர்ந்தவரையும், கூடவே 320 குவிண்டால் மொசைக் கட்டிகளையும் அனுப்பினதா அரபு நூல்கள் சொல்லுது, உள்ளூர்காரங்க அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டு அவரையே மிஞ்சினாங்கன்னும் சொல்லுது. ஒரு கிறிஸ்தவ பேரரசர் அனுப்பின பொருள்ல உருவான மிஹ்ராப், பின்னாடி ஒரு கிறிஸ்தவ கோயிலுக்குள்ள பத்திரமா இருக்குது. இன்னொரு விஷயம், வாசல் ரெண்டு பக்கமும் நிக்கற நாலு சின்ன தூண் ரெண்டாம் அப்துர் ரஹ்மானோட பழைய மிஹ்ராபுல இருந்தது. உடைச்சப்போ அதை தூக்கிப் போடாம ஹகம் தன்னோட புது மிஹ்ராபுல வச்சார். முன்னோர் கட்டினதுல இருந்து ஒரு பகுதியையாவது கூட எடுத்துட்டுப் போற பழக்கம் இந்தக் கட்டடத்துல அப்பவே இருந்திருக்கு.

கடைசியா 987ல அல் மன்சூர். கலீஃபா இல்லை, ஆனா உண்மையான அதிகாரம் முழுக்க அவர்கிட்ட. தெற்கால நிலம் குவாதல்கிவிர் ஆத்துக்கு இறங்கிடுது, மேற்குல அரண்மனை, அதனால கிழக்கு பக்கமா முழு நீளத்துக்கும் 8 வரிசை சேர்த்தார், மொத்தம் 19 வரிசை ஆச்சு. மிஹ்ராப் நடுவுல இருந்து ஒதுங்கிப் போச்சு. வேலையும் அவசர வேலை. அவர் பகுதியில வளைவெல்லாம் முழுக்க கல்லுதான், சிவப்பு பட்டை வெறும் பெயிண்ட். கொத்தனாருங்க தூண்ல தங்களோட பேரையும் குறியையும் செதுக்கி வச்சிருக்காங்க, கூர்ந்து பாத்தா இன்னும் படிக்கலாம். இதே அல் மன்சூர்தான் 997ல வடமேற்கு மூலையில இருக்கற சந்தியாகோ தே கொம்போஸ்தெலா மேல படையெடுத்து போய் கோயில் மணிகளை கைதிகள் தோள்ல சுமக்க வச்சு கொண்டுவந்து இந்த பள்ளிவாசல்ல விளக்கா தொங்க விட்டார்னு சொல்லுவாங்க.

அந்த மணிகளை ஞாபகம் வச்சுக்கோங்க. 1236 ஜூன் 29, புனித பேதுரு பவுல் திருநாள் அன்னிக்கு வடக்கே இருந்த கிறிஸ்தவ ராஜ்யமான காஸ்தீலோட அரசர் மூணாம் ஃபெர்னாந்தோகிட்ட ஊர் சரணடைஞ்சுது. உயிருக்கு உத்தரவாதம் வாங்கிட்டு முஸ்லிம் ஜனங்க ஊரை விட்டு வெளியேறினாங்க. ஓஸ்மா பிஷப் ஹுவான் பள்ளிவாசலுக்குள்ள போய் தீர்த்தம் தெளிச்சு, பீடம் வச்சு, மாதா பேர்ல கோயிலா அர்ச்சிப்பு பண்ணினார். அந்தக் காலத்து கிறிஸ்தவ வரலாற்று நூல்கள் என்ன சொல்லுதுன்னா, ஃபெர்னாந்தோ அந்த மணிகளை இறக்கி இந்த தடவை முஸ்லிம் கைதிகள் தோள்ல ஏத்தி சந்தியாகோவுக்கே திருப்பி அனுப்பினாராம். பழிக்குப் பழி. ரெண்டு தடவையும் சுமந்தது தோத்த பக்கத்து சாதாரண ஜனங்கதான்.

ஆனா கட்டடத்தை? தொடலை. இந்த இடத்துலதான் கவனமா பாக்கணும். டொலேடோவுல 1085ல ஊரை பிடிச்சதும் பெரிய பள்ளிவாசலை கோயிலாக்கினாங்க, ஆனா 1226ல அதை இடிச்சு கோத்திக், அதாவது கூர்வளைவுகளோட உயரமா எழும்பற ஐரோப்பிய பாணியில கதீட்ரல் ஆரம்பிச்சுட்டாங்க. செவில்ல 1248க்கு அப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல பள்ளிவாசல் கட்டடத்துலயே பூசை நடத்திட்டு 15ம் நூற்றாண்டுல இடிச்சாங்க, மிஞ்சினது மினாராவும் முற்றமும், அந்த மினாராதான் இன்னிக்கு ஹிரால்டான்னு சொல்ற மணிக்கூண்டு. கிரனாடா பெரிய பள்ளிவாசலும் 18ம் நூற்றாண்டு தொடக்கத்துல போயிடுச்சு. கோர்டோபாவுல மட்டும் 1236ல இருந்து 1523 வரை, கிட்டத்தட்ட 290 வருஷம், அந்த வளைவுகளுக்கு கீழயே கல்யாணம், அடக்கம், திருநாள் எல்லாம் நடந்துச்சு. பெரிய பீடத்தை ஹகம் பகுதியோட நுழைவுக் குவிமாடத்துக்கு கீழ வச்சாங்க, இன்னிக்கு வில்யாவிசியோசா சேப்பல்னு (சேப்பல்னா கோயிலுக்குள்ள ஒரு சின்ன வழிபாட்டு இடம்) சொல்றது அந்த இடம்தான்.

பத்தாம் அல்ஃபோன்ஸோ அரசர் 1263ல, ஊர்ல மிச்சம் இருந்த முஸ்லிம் கொத்தனார், தச்சர் எல்லாரும் வருஷத்துல ரெண்டு நாள் இந்தக் கட்டடத்துல வேலை செய்யணும்னு உத்தரவு போட்டார். அது கட்டாய வேலை, அதை மறைச்சு பேசக் கூடாது. அதே சமயம் அந்தக் கட்டடத்தை பழுது பாக்கத் தெரிஞ்ச கைகள் அதுகூடவே இருந்துச்சுங்கறதும் உண்மை. 1371ல முடிஞ்ச அரச சேப்பலை பாத்தா புரியும்: கத்தோலிக்க அரசர்கள் நாலாம் ஃபெர்னாந்தோ, பதினொண்ணாம் அல்ஃபோன்ஸோ ரெண்டு பேரோட கல்லறைக்காக கட்டினது, ஆனா சுண்ணாம்புச் சித்திரம், ஓட்டுக்கல் பதிப்பு, பின்னின வளைவு குவிமாடம் எல்லாமே பழைய கலீஃபா பாணியை அடியொத்தி போகுது. ஜெயிச்சவங்க தங்களோட அரசருக்கு கல்லறை கட்ட தோத்தவங்க கலையை தேர்ந்தெடுத்திருக்காங்க. முற்றத்து பெரிய வாசல், 1377ல கட்டின மன்னிப்பு வாசல், அதுவும் அதே வகைதான்.

இந்தக் காலத்துல நடந்த பெரிய மாற்றம் ஒண்ணு பலருக்கு தெரியாது. பள்ளிவாசலா இருந்தப்போ தொழுகை மண்டபம் முற்றத்துப் பக்கம் முழுக்க திறந்து இருந்துச்சு, 19 வரிசையும் நேரா வெளிச்சத்துக்கு திறக்கும், முற்றத்து மரத்துல இருந்து உள்ள தூண் வரைக்கும் ஒரே தொடர்ச்சி. பணக்கார குடும்பங்க அடக்கம் பண்ண சேப்பல் கேட்டு வாங்கி ஓரச் சுவர் நெடுக அடைச்சுக்கிட்டே வந்தப்போ அந்த திறப்பெல்லாம் மூடிப் போச்சு. இன்னிக்கு உள்ள போனவங்க "என்ன ஒரு மர்மமான இருட்டு"ன்னு சிலாகிக்கறாங்க, அந்த இருட்டு சர்ச்சா மாறின பிறகு வந்தது. கட்டினவங்க நினைச்சது வெளிச்சமான மண்டபம்.

1489ல வில்யாவிசியோசா பக்கத்துல சில தூண் வரிசையை எடுத்துட்டு ஒரு சின்ன கோத்திக் கூடம் போட்டாங்க, முதல் பெரிய வெட்டு அதுதான். அடுத்தது 1523.

பிஷப் அலோன்சோ மன்ரிக்கேவும் கோயில் குருக்கள் சபையும் நடுவுல தூண்களை இடிச்சு புது கதீட்ரல் கட்டறதுன்னு முடிவெடுத்தாங்க. ஊர் சபை எதிர்த்து நின்னுச்சு. 1523 ஏப்ரல்ல அரசர் முடிவு சொல்ற வரைக்கும் இடிக்கற வேலைக்கு போற கொத்தனார், தச்சர், கூலியாள் எவனா இருந்தாலும் மரண தண்டனை, சொத்து பறிமுதல்னு தண்டோரா போட்டாங்க. அதுக்கு அவங்க சொன்ன காரணம், இப்ப இடிக்கப் போறது மறுபடி அதே நேர்த்தியோட கட்ட முடியாத வேலைங்கறது. யோசிச்சுப் பாருங்க, இவங்க கிறிஸ்தவங்க, அதுவும் ஸ்பெயின்ல கடைசி முஸ்லிம் ராஜ்யமான கிரனாடாவை பிடிச்சு முப்பதே வருஷம் ஆன காலம், மதக் காய்ச்சல் உச்சத்துல இருந்த நேரம், அப்பவும் இந்த தூண்களுக்காக தங்களோட பிஷப்பையே எதிர்த்து நின்னாங்க. குருக்கள் சபை அவங்களை திருச்சபையில இருந்து விலக்கி வச்சுது. வழக்கு மேல போச்சு, பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் குருக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னார், அந்த வருஷம் செப்டம்பர்ல இடிப்பு ஆரம்பிச்சுது.

1526ல செவில்ல கல்யாணம் முடிச்சு வந்த கார்லோஸ் நேர்ல பாத்துட்டு, "எங்க வேணும்னாலும் கட்டக் கூடியதை கட்டிட்டு, உலகத்துல வேற எங்கயும் இல்லாததை அழிச்சுட்டீங்க"ன்னு வருத்தப்பட்டதா ஒரு வாசகம் எல்லா இடத்துலயும் வரும். அது ரொம்ப காலம் கழிச்சு எழுத்துல வந்த வாசகம், அவர் வாயில இருந்து வந்துச்சுங்கறதுக்கு அந்தக் காலத்து சாட்சி கிடையாது. அனுமதி குடுத்ததே அவர்தான், அதே காலத்துல கிரனாடாவுல முஸ்லிம் அரசர்களோட அரண்மனை வளாகமான அல்ஹம்ப்ரா நடுவுல தனக்கு ஒரு அரண்மனையும் கட்ட ஆரம்பிச்சார். அந்த கருத்தை உண்மையிலயே முன்னாடி சொன்னது ஊர் சபை, அதுவும் இடிக்கறதுக்கு முன்னாடியே. பேரரசர் பேரு மட்டும் நிலைச்சு, தண்டனைக்கும் அஞ்சாம எதிர்த்தவங்களை யாரும் ஞாபகம் வச்சுக்கலைங்கறது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கற ஆதங்கம்.

கட்டின வேலையையும் நியாயமா பாக்கணும். முதல் எர்னான் ருயிஸ் ஆரம்பிச்சார், அவர் மகன் ரெண்டாம் எர்னான் ருயிஸ் தொடர்ந்தார், 1607ல ஹுவான் தே ஓச்சோவா நீள்வட்டக் குவிமாடம் போட்டு முடிச்சார், 84 வருஷம். கீழ கோத்திக், மேல போகப் போக மறுமலர்ச்சி பாணி, ஒரே சுவர்ல காலம் மாறறதை படிக்கலாம். முதல் எர்னான் ருயிஸ் கெட்டிக்காரர். கதீட்ரலை பள்ளிவாசல் அச்சுக்கு குறுக்கா, கிழக்கு மேற்கா வச்சார், ஏன்னா பீடம் கிழக்க பாக்கணும். அந்த இடம் ரெண்டாம் அப்துர் ரஹ்மான் பகுதியும் அல் மன்சூர் பகுதியும் சேர்ற இடம். முதல் பள்ளிவாசலையும் ஹகமோட மிஹ்ராப் பகுதியையும் பெரும்பாலும் விட்டுட்டார். கதீட்ரலுக்குள்ள நின்னு பக்கவாட்டுல பாத்தா பழைய பள்ளிவாசல் வளைவுகளே புது சுவருக்குள்ள பதிஞ்சு நிக்கறது தெரியும், அதுக்கு மேல கோத்திக் வேலைப்பாடு ஏறும். நடுக்கூடத்தோட உயரமும் அங்க மேல இருந்து இறங்கற வெளிச்சமும் தனி அழகு, 18ம் நூற்றாண்டுல பெத்ரோ துக்கே கொர்னேஹோ மஹாகனியில செதுக்கின பாடகர் இருக்கைகள் முன்னாடி ஒரு மணி நேரம் நிக்கலாம். வேற ஊர்ல தனியா இருந்திருந்தா கொண்டாடியிருப்போம்.

மினாராவுக்கும் இதே கதி. 1589ல சேதமானதும் மூணாம் எர்னான் ருயிஸ் 1593ல இருந்து அதை சுத்தி புது மணிக்கூண்டு கட்ட ஆரம்பிச்சார், பழைய மினாராவோட கீழ் பகுதி இன்னும் அதுக்குள்ளயே இருக்கு. இப்ப 54 மீட்டர், உச்சியில அதிதூதர் ரபேல். பாங்கு சொன்ன படிக்கட்டு மணிக்கூண்டு வயித்துக்குள்ள மறைஞ்சிருக்கு.

இப்ப ஆரம்பத்துல சொன்ன விஷயத்துக்கு வரேன். கதீட்ரல் கட்டினதால மசூதி தப்பிச்சதா? 1523க்கு முன்னாடியே 290 வருஷம் யாரும் இடிக்காம அது நின்னுச்சு, கூரை பழுது பாத்துக்கிட்டு, உபயோகத்துல வச்சுக்கிட்டு. கோயிலா அர்ச்சிச்சதால அது தப்பிச்சதுன்னா ஒத்துக்கறேன், ஏன்னா பாழடைஞ்சு விட்டிருந்தா அந்த கல் எல்லாம் வேற கட்டடத்துக்கு போயிருக்கும், ஊருக்கு வெளிய மூணாம் அப்துர் ரஹ்மான் கட்டின மதீனா அல் ஸஹ்ரா நகரத்துக்கு அதுதான் நடந்துச்சு. ஆனா அர்ச்சிச்சது வேற, நடுவுல வெட்டி கட்டினது வேற, ரெண்டையும் ஒண்ணாக்கி பேசக் கூடாது. முழுசா இடிக்காம நடுவுல மட்டும் நின்னதுக்கு ஊர் எதிர்ப்பும், ஒரே அளவு கட்டம் திரும்பத் திரும்ப வர்ற கட்டட அமைப்பும் காரணம்னு நான் நினைக்கறேன். அப்படிப்பட்ட அமைப்புல எந்தப் பக்கமும் சேர்க்கலாம், நடுவுல எடுத்தாலும் மீதி விழாது. நாலு ஆட்சியாளர்கள் விரிவாக்க முடிஞ்சதும் அதனாலதான், எர்னான் ருயிஸால உள்ள நுழைய முடிஞ்சதும் அதனாலதான்.

தூண் எண்ணிக்கை இப்ப 856னு சொல்றாங்க, ஒரு காலத்துல ஆயிரத்துக்கு மேல இருந்துச்சு. 18ம் நூற்றாண்டுல வர்ணம் தீட்டின மர விட்டங்களை எடுத்துட்டு வெள்ளை சுண்ணாம்பு வளைகூரை போட்டாங்க, பிழைச்ச பலகைகள்ல சிலதை முற்றத்து தாழ்வாரத்துல மாட்டி வச்சிருக்காங்க. மிஹ்ராப் முன்பக்கம் ரொம்ப காலம் ஒரு சேப்பலா மறைஞ்சு கிடந்து 1815 வாக்குலதான் மொசைக் வெளிய வந்துச்சு. 1882ல தேசிய நினைவுச் சின்னம், 19ம் நூற்றாண்டு கடைசியில இருந்து ஆர்க்கிடெக்ட் வெலாஸ்கேஸ் போஸ்கோ பழைய மரக்கூரை மாதிரியே சில பகுதிகளை மீட்டார், 1984ல யுனெஸ்கோ பட்டியல். கவிஞர் இக்பால் 1933ல வந்து பாத்துட்டு எழுதின கவிதை உருது தெரிஞ்சவங்களுக்கு மனப்பாடமா இருக்கும்.

இன்னிக்கு நிலைமை: தொழுகைக்கு அனுமதி இல்லை. ஸ்பெயின் முஸ்லிம் அமைப்புகள் கேட்டும் கோர்டோபா பிஷப் மறுத்துட்டார். 2006ல பிஷப் நிர்வாகம் வெறும் 30 யூரோ கட்டணத்துல கட்டடத்தை தன் பேர்ல பத்திரப்பதிவு பண்ணிக்கிச்சு, அப்ப இருந்த ஒரு பழைய சட்டம் பிஷப்புகளுக்கு அந்த சலுகையை குடுத்திருந்துச்சு, விஷயம் பெருசா வெளிய வந்து சர்ச்சையாகி 2015ல அந்த சலுகையையே சட்டத்துல இருந்து எடுத்தாங்க. நோட்டீஸ்லயும் டிக்கெட்லயும் "கதீட்ரல்"னு மட்டும் போட்டு பழைய பேரை மெல்ல மறைக்கறாங்கன்னு ஊர்க்காரங்களே சண்டை போட்டப்புறம் 2016ல "மெஸ்கிட்டா கதீட்ரல்"ங்கற இரட்டைப் பேரு திரும்ப வந்துச்சு, மெஸ்கிட்டான்னா ஸ்பானிஷ்ல பள்ளிவாசல். இது யாரோட சொத்துங்கறது கோர்ட்டும் சட்டமும் பாத்துக்கட்டும், பேரை மறைக்கறது மட்டும் தப்பு, அந்த விஷயத்துல எனக்கு ரெண்டு அபிப்ராயம் இல்லை. 2025 ஆகஸ்ட்ல அல் மன்சூர் பகுதியில ஒரு சேப்பல்ல தீப்பிடிச்சு அதோட கூரை விழுந்துச்சு, தீயணைப்பு ஆளுங்க பரவாம தடுத்துட்டாங்க. அவ்வளவு மரம் இருக்கற கூரைக்கு அது எவ்வளவு பெரிய தப்பிப்புன்னு சொல்லத் தேவையில்லை.

போற வாய்ப்பு கிடைச்சா நேரா மிஹ்ராபுக்கு ஓடாதீங்க. முற்றத்துல இருந்து நுழைஞ்சதும் முதல் பகுதியில தூணோட அடியையும் தலையையும் பாருங்க, ஒவ்வொண்ணும் வேற வேற, சிலதுல கல்லு வரி வரியா, சிலது வழவழன்னு, தலை ஒண்ணு ரோமானியம், பக்கத்துல இருக்கறது விசிகோத்தியம். அங்க இருந்து தெற்கால நடந்தா செந்நிறமும் கருநீலமும் ஒழுங்கா மாறி மாறி வர ஆரம்பிச்சதும் ஹகம் பகுதிக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம். கிழக்கால திரும்பி வளைவோட சிவப்பு வெறும் பெயிண்ட்னு தெரிஞ்சா அது அல் மன்சூர். வெளிய வந்தா மேற்குச் சுவர்ல சான் எஸ்தேபன் வாசலை பாருங்க, அதுல ஹிஜ்ரி 241, அதாவது 855-856ன்னு தேதி செதுக்கியிருக்கு. அப்புறம் கிழக்குப் பக்கம் சாந்தா கதலீனா வாசலுக்கு போங்க, அதுக்கு மேல மணிக்கூண்டு கட்டறதுக்கு முன்னாடி மினாரா எப்படி இருந்துச்சுன்னு 16ம் நூற்றாண்டுல செதுக்கின ஒரு சின்ன கல் சிற்பம் இருக்கு, பெரும்பாலானவங்க அண்ணாந்து பாக்காம அது வழியாவே போயிடறாங்க.